பழைய நிசான் லீஃபை இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றுவது எப்படி?

முதலில் ஒரு கணக்கு. நிசான் லீஃப் ஒரு மின்சாரக் கார். 2013 முதல் 2017 வரை வந்த லீஃபின் மோட்டார் 80 கிலோவாட் சக்தியும் 254 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் கொண்டது. கியர் ஒன்றுதான், விகிதம் 8.19. முறுக்கு விசையை இந்த விகிதத்தால் பெருக்கினால் சக்கரத்துக்கு ஏறக்குறைய 2,080 நியூட்டன் மீட்டர் போகிறது, அதுவும் நின்ற இடத்திலிருந்தே. இவ்வளவு இருந்தும் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 11 விநாடிக்கு மேல் ஆவதற்குக் காரணம் 1,500 கிலோ எடை. கதவு, கண்ணாடி, பின் இருக்கை, கூரை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, அதே மோட்டாரையும் பேட்டரியையும் 900 கிலோவுக்குள் அடங்கும் ஒரு இரும்புக்கூட்டில் பொருத்தினால் அது வேறு காராகிவிடும்.

இதை முதன்முறை செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். வெல்டிங் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். மின்சாரப் பக்கம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், நிசான் செய்து வைத்ததை அப்படியே இடம் மாற்றினால் போதும். இந்த வேலைக்கு ஒரே விதி: ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கார் 'ரெடி' விளக்கை, அதாவது ஓடத் தயார் என்று சொல்லும் பச்சைக் கார் சின்னத்தைக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

வாங்கும் முன்: சாலையில் ஓட்ட முடியுமா?

நான் சொல்லும் முறை பிரிட்டனுக்கு ஏற்றது. அங்கே வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுவது பழைய வழக்கம். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் உதிரிப் பாகங்களாகவே விற்கப்பட்டது. முழுக் காருக்கு உண்டான கொள்முதல் வரி அப்படி வாங்கினால் இல்லை என்பதால் பலர் தாங்களே பூட்டி ஓட்டினார்கள். இன்றைக்கும் ஒற்றைக் காராகக் கட்டியதை ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) என்ற சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வழி இருக்கிறது. சோதனைக் கையேட்டை வேலை தொடங்கும் முன்பே இறக்கிப் படித்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு படித்தால் பாதியை அறுக்க வேண்டி வரும்.

இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. லீஃப் இங்கே அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவும் இல்லை. இலங்கையில் 2015 வாக்கில் ஜப்பானிலிருந்து பழைய லீஃப்கள் நிறைய இறங்கின, பேட்டரி தளர்ந்தவை இப்போது மலிவாகக் கிடைக்கலாம். எங்கே இருந்தாலும் உங்கள் ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பணத்தைப் போடுங்கள். பதிவு கிடைக்காவிட்டால் தனியார் நிலம், பந்தயத் தடம் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

1. சரியான லீஃபைத் தேடுவது

2013-ல் பிரிட்டனின் சன்டர்லாந்து ஆலையில் உற்பத்தி தொடங்கிய பிறகு வந்த வண்டியை எடுங்கள். அதற்கு முந்தையவற்றில் சார்ஜர் தனியாகப் பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். பிந்தையவற்றில் மோட்டார், பேட்டரி மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே அடுக்காக முன்னால் உட்கார்ந்திருக்கும். ஒரே கட்டாகத் தூக்கி ஒரே கட்டாக வைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

கதவு நசுங்கியிருந்தாலோ கூரை கெட்டிருந்தாலோ கவலை வேண்டாம், எப்படியும் அதைக் கழற்றத்தான் போகிறோம். ஆனால் ஓடும் நிலையில் இருக்க வேண்டும், சாவி இருக்க வேண்டும். ஏலத்தில் ஓடாத வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆரம்பநிலையில் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பேட்டரியின் உடல்நிலையைக் கருவிப் பலகையின் வலது ஓரத்தில் உள்ள 12 சின்னக் கோடுகள் காட்டும். முதல் கோடு மறைந்தால் சுமார் 15 சதவீதக் கொள்ளளவு போய்விட்டது என்று அர்த்தம். இன்னும் துல்லியமாகப் பார்க்க, காரின் கணினியோடு போனை இணைக்கும் ஓ.பி.டி. கருவி ஒன்றை மாட்டி, போனில் 'லீஃப் ஸ்பை' செயலியைத் திறங்கள். புதிய 24 கிலோவாட் மணி பேட்டரி 66 ஆம்பியர் மணி அருகே காட்டும். அதே திரையில் 96 செல் ஜோடிகளின் வோல்டேஜும் பட்டையாக வரும். ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடக் கீழே தொங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

2. உயர் மின்னழுத்தம்: இதை அவசரப்பட்டுப் படிக்காதீர்கள்

24 கிலோவாட் மணி பேட்டரிக்குள் 48 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் நான்கு செல்கள். தொடரில் சேரும்போது சராசரி 360 வோல்ட், முழுச் சார்ஜில் 400-ஐத் தொடும். இது நேர்மின்சாரம். உடலில் பாய்ந்தால் உயிர் போகும். வீட்டு ஒயரிங் அனுபவத்தை இங்கே நம்பாதீர்கள்.

உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடும் முன் செய்ய வேண்டியவை: காரை அணைத்து, சாவியைத் தொலைவில் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பின் இருக்கைக்கு முன்னால், தரைக் கம்பளத்துக்குக் கீழே ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் சர்வீஸ் பிளக். 1,000 வோல்ட்டுக்கான ரப்பர் கையுறையும் மேலே தோல் கையுறையும் போட்டுக்கொண்டு அந்தப் பிளக்கை உருவி, உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் வைத்தால் உதவிக்கு வந்த யாராவது திரும்ப மாட்டிவிடுவார்கள். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வடிய குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள்.

அப்புறம் அளவெடுப்பு. மல்டிமீட்டர் 'கேட் 3, 1,000 வோல்ட்' தரத்தில் இருக்க வேண்டும். முதலில் 12 வோல்ட் பேட்டரியில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு உயர் மின்னழுத்த முனைகளில் அளந்து பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். மறுபடியும் 12 வோல்ட் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது அளவீட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டரின் ஒயரே அறுந்திருந்தாலும் அது பூஜ்யம்தான் காட்டும்.

பிளக்கை உருவினாலும் பேட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் சாகவில்லை. பிளக் அதை இரண்டு பாதியாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். அதனால் முதல் காரில் பேட்டரிப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாட்யூல்களைப் பிரித்து முன்னும் பின்னுமாக வைத்தால் கார் இன்னும் தாழ்வாக வரும், அழகாகவும் இருக்கும். அதை இரண்டாவது காரில் பார்த்துக்கொள்ளலாம்.

3. ஓடிக்கொண்டிருக்கும் காரைக் கழற்றுவது

இருக்கைகள், உட்புற உறைகள், கதவுகள், பின்கதவு, கண்ணாடி என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு கனெக்டரைப் பிரிக்கும்போதும் இரு பக்கத்திலும் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதி, ஒரு படம் எடுங்கள். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. 12 வோல்ட்டைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகே அவற்றில் கை வையுங்கள்.

ஒவ்வொரு சுற்று கழற்றிய பிறகும், சர்வீஸ் பிளக்கை உருவியிருந்தால் கையுறையோடு அதைத் திரும்பப் போட்டு, 12 வோல்ட்டை மாட்டி, பிரேக்கை மிதித்து, பவர் பொத்தானை அழுத்துங்கள். பச்சைக் கார் சின்னம் எரிகிறதா? சரி, அடுத்தது. எரியவில்லையா? கடைசியாகக் கழற்றியதுதான் காரணம், தேட வேண்டிய இடம் சின்னது. எல்லாவற்றையும் ஒரே நாளில் உருவிவிட்டுக் கடைசியில் பார்த்தால், எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

ஒயரிங் கட்டை வெட்டிச் சுருக்கும் ஆசை வரும், வேண்டாம். வாகனக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பாடி கன்ட்ரோல் மாட்யூல், கருவிப் பலகை, சாவியை உணரும் ஆன்டெனாக்கள், கியர் குமிழ், ஆக்ஸிலரேட்டர் மிதி எல்லாம் ஒரே காரிலிருந்து வந்தவையாகச் சேர்ந்தே இருக்க வேண்டும். திருட்டுத் தடுப்பு அமைப்பு இவற்றில் சிலவற்றை ஒன்றோடொன்று பூட்டி வைத்திருக்கிறது. நீளம் மிஞ்சிய ஒயரைச் சுருட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்டி வையுங்கள், இரண்டு கிலோ கூடினால் கூடட்டும்.

ஏசி வாயுவைத் திறந்து வெளியேற்றக் கூடாது. உரிமம் உள்ள மெக்கானிக்கை வைத்து எடுத்துவிடுங்கள்.

4. மோட்டாரை எடுக்கும் முன் தரையில் வரைபடம்

மோட்டாரை முன்னாலிருந்து பின்னால், இருக்கைகளுக்குப் பின்புறம் கொண்டுபோகப் போகிறோம். அதைத் தாங்கும் சப்ஃபிரேம் என்ற சட்டம், கீழ்க் கை, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட், சக்கரத் தாங்கி எல்லாம் கூடவே போகும். இதில் அழகு என்னவென்றால், நிசான் பொறியாளர்கள் போட்ட சஸ்பென்ஷன் கணக்கு முழுதும் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது, புள்ளிகளை இம்மி பிசகாமல் நகலெடுத்தால்.

அதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். கார் தன் எடையில் சமதரையில் நிற்கும்போது, சப்ஃபிரேம் போல்ட்டுகள், ஸ்ட்ரட்டின் மேல்முனை மையம், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கின் இரு உள்மூட்டுகள், சக்கர மையம் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். குண்டு ஆடி நின்ற இடத்தில் சிமென்டுத் தரையில் ஆணியால் கீறி, பக்கத்தில் உயரத்தை எழுதுங்கள். இடது புள்ளியும் வலது புள்ளியும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் வருகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால் அந்தக் கார் எங்கோ அடிபட்டது.

பின்னால் வைக்கும்போது மோட்டார் கட்டு முழுவதையும் நேராக நகர்த்துங்கள், திருப்பி வைக்காதீர்கள். திருப்பினால் 'டிரைவ்' போட்டதும் கார் பின்னோக்கிப் போகும்.

பின்சக்கரங்கள் இனித் திரும்பக் கூடாது. ரேக்கை எடுத்துவிட்டு, அதன் உள்மூட்டு இருந்த அதே புள்ளியில் ஒரு தாங்கியை வெல்ட் செய்து, அங்கிருந்து சக்கரத்துக்கு அதே நீளத்தில் ஒரு கம்பியை மாட்டுங்கள். புள்ளியை வசதிக்காக மேலேயோ கீழேயோ நகர்த்தினால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்சக்கரம் தானாகத் திரும்பும். வளைவில் அது உயிருக்கு ஆபத்து.

5. சேசிஸ்

பேட்டரிப் பெட்டி சுமார் 1.57 மீட்டர் நீளம், 1.19 மீட்டர் அகலம், 294 கிலோ. முன்பாதி தாழ்வு, பின்பாதி உயரம். தாழ்ந்த பகுதியின் மேல் இருக்கைகள், உயர்ந்த பகுதி முதுகுக்குப் பின்னால், அதற்கும் பின்னால் மோட்டார். லீஃபின் 2,700 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு இடம்விட பேட்டரியைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டி வரும், எடைச் சமநிலைக்கும் அது நல்லது. பெட்டியை இறக்க ஹைட்ராலிக் மேசை வாடகைக்கு எடுங்கள். ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

பேட்டரியைச் சுற்றி 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், மற்ற இடங்களில் 25 மில்லிமீட்டர். கட்டம் கட்டமாக விடாமல் முக்கோணமாக்குங்கள். முதலில் புள்ளி வெல்ட் மட்டும் வைத்து, மூலைவிட்டங்களை அளந்து, இரண்டும் சமமாக வந்த பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி முழு வெல்ட் போடுங்கள். ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். பழகும்போது போட்ட வெல்ட்டைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள், மேலே அழகாக இருந்தும் உள்ளே பிடிக்காத வெல்ட் அப்போதுதான் தெரியும்.

தலைக்குப் பின்னால் வரும் உருள் வளையத்துக்குத் தையலில்லாக் குழாய், 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். இதையும் இருக்கைப் பட்டைத் தாங்கிகளையும் தொழில்முறை வெல்டர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

6. முன்பக்கம், பிரேக்

முன் சஸ்பென்ஷனுக்கு மூன்றாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காருடையது பொருத்தம். அதன் சக்கர போல்ட் அமைப்பும் லீஃபைப் போலவே 5 துளை, 114.3 மில்லிமீட்டர். மடங்கும் ஸ்டீயரிங் தண்டையும் அதிலிருந்தே எடுக்கலாம்.

லீஃபின் மின்பிரேக் அமைப்பை விட்டுவிட்டு, மிதியின் அழுத்தத்தைப் பிரேக்குகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றை, இரட்டைச் சுற்றுள்ளதாகப் போடுங்கள். பிரேக் மிதியில் ஒரு சுவிட்ச் வைத்துப் பழைய சுவிட்ச் ஒயர்களோடு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் 'ரெடி' வராது. இன்னொன்று, பின்னால் போனவை லீஃபின் முன் பிரேக்குகள். அவற்றில் ஹேண்ட்பிரேக் கிடையாது. கம்பியால் இழுக்கும் தனி காலிப்பர் பின்சக்கரங்களுக்குத் தேவை.

7. கேபிள், குளிர்விப்பு

சார்ஜ் செய்யும் வாயை மூக்கிலிருந்து காரின் பின்புறத்துக்கு மாற்றுங்கள், சார்ஜரும் அங்கே போய்விட்டதால் பழைய கேபிளே எட்டும். பேட்டரியின் உயர் மின்னழுத்த வாய் முன்பக்கம் இருக்கிறது, மோட்டாரோ இப்போது பின்னால். இந்தக் கேபிளை ஒட்டுப்போட்டு நீட்டக் கூடாது. அதே தடிமனில், உலோகக் கவசத்தோடு புதிதாகச் செய்து வாங்கி, சேசிஸின் அடிமட்டத்துக்கு மேலேயே ஓட்டுங்கள். மோதினால் மின்தொடர்பைத் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்ச் கட்டாயம்.

பேட்டரிக்குத் தண்ணீர் வேண்டாம். மோட்டார் கட்டுக்கு வேண்டும். ரேடியேட்டரை முன்னால் வைத்தால் குழாய் நீளும், காற்று சிக்கும். நிரப்பும் தொட்டி எல்லாவற்றிலும் உயரமாக இருக்கட்டும்.

8. முதல் ஓட்டம்

பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, சுற்றும் திசை, பிரேக், அவசரத் துண்டிப்பு மூன்றையும் பாருங்கள். பிறகு காலியான இடத்தில் நடை வேகம். நான்கு சக்கரத்துக்கும் கீழே தராசு வைத்து எடையைப் பார்த்து ஸ்பிரிங் தேர்ந்தெடுங்கள். பழைய ஸ்பிரிங் முன்பைவிட லேசான காருக்கு விறைப்பாக இருக்கலாம். ஐ.வி.ஏ. சோதகர் வெளிப்புற விளிம்புகளை அளப்பார், 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவான கூர்முனை எதுவும் இருக்கக் கூடாது.

சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கிய கையோடு, நட்டிலிருந்து தாங்கிவரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டார்ச்சோடு கீழே குனிந்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது. ஏன் தளர்ந்தது என்று தெரியாமல் வண்டியை மறுபடி எடுக்காதீர்கள்.