வளர்பருவ நாவலில் நட்பையும் விசுவாசத்தையும் வாசிப்பது எப்படி?

சிறுவன் ஒருவன் பெரியவனாகும் கதையைப் படித்து முடித்தவரிடம் அது நட்பைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ‘நண்பனைக் கைவிடக் கூடாது’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது. அந்த ஒரு வரிக்காக 59 அத்தியாயங்களைப் படிக்க வேண்டியதில்லை. 1860–61இல் வார இதழில் தொடராக வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை வைத்து, விசுவாசத்தைச் செயல்களில் தேடிப் படிக்கும் முறையைப் புதிய வாசகர்களுக்காக விளக்குகிறேன்.

படி 1: ஓர் உறவை மட்டும் பின்தொடருங்கள்

தாய் தந்தையை இழந்த பிப், அவனுடைய அக்காளின் கணவரான கொல்லர் ஜோ ஆகிய இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டின் இடப்பக்கத்தில் ஜோ செய்தவற்றையும், வலப்பக்கத்தில் பிப் செய்தவற்றையும் அத்தியாய எண்ணுடன் குறியுங்கள். பேச்சைக் குறிக்க வேண்டாம். செயல் மட்டும் போதும்.

படி 2: இரண்டு பிப்களைப் பிரித்தறியுங்கள்

கதையைச் சொல்பவர் வயது முதிர்ந்த பிப். கதைக்குள் நடமாடுபவன் இளைஞன். இளைஞன் தலைகுனியும் இடங்களை முதியவர் ஒளிக்காமல் சொல்கிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 3: 27ஆம் அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள்

திடீர்ச் செல்வத்தால் லண்டனில் கனவானாக வாழும் பிப்பைப் பார்க்க ஜோ வருகிறார். பணம் கொடுத்து அவரது வருகையைத் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒப்புக்கொள்கிறார். இந்த வாக்கியத்தை அடிக்கோடிடுங்கள், பின்னால் தேவைப்படும். ஜோ தம் தொப்பியைக் கணப்படுப்பின் மேல்விளிம்பில் வைக்க, அது மீண்டும் மீண்டும் விழுகிறது. முதல் வாசிப்பில் சிரித்த எனக்கு, அடுத்த வாசிப்பில் அந்தத் தொப்பியைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிப்பை அவர் இடையிடையே ‘ஐயா’ என்று அழைப்பதையும் கவனியுங்கள். ‘வாடா’ என்று கூப்பிட்டு வளர்த்தவர் ஒருநாள் ‘வாங்க’ என்று சொன்னால் நெஞ்சில் என்ன தைக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் புறப்படும்போது ஜோ குறை சொல்வதில்லை. இந்த உடையில் தாம் பொருந்தவில்லை, தம் இடம் பட்டறைதான் என்று பழியைத் தம்மீதே போட்டுக்கொண்டு, பிப்பின் நெற்றியை மெல்லத் தொட்டுவிட்டுப் போகிறார்.

படி 4: பணம் யார் கையிலிருந்து போகிறது என்று பாருங்கள்

57ஆம் அத்தியாயத்தில் செல்வமெல்லாம் போய், நகைக் கடைக்குத் தர வேண்டிய 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ் கடனுக்காகப் பிப்பைக் கைதுசெய்ய ஆட்கள் வருகிறார்கள். அவரோ காய்ச்சலில் நினைவிழக்கிறார். பக்கத்திலிருந்து பணிவிடை செய்யும் ஜோ, பிப் தேறத் தேற மறுபடியும் ‘ஐயா’வுக்குத் திரும்பி, ஒருநாள் விடியலில் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறார். அவர் விட்டுச்சென்ற சிறு கடிதத்துடன் கடன் தீர்ந்த ரசீது இருக்கிறது. இப்போது அடிக்கோடிட்ட வாக்கியத்துக்குத் திரும்புங்கள். பிப் ஜோவைத் தவிர்க்கப் பணம் தரத் தயாராக இருந்தார். ஜோவோ பிப்பை மீட்கப் பணம் தந்துவிட்டு, தாமே ஒதுங்கிக்கொண்டார். நாவலின் இதயம் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கடிதத்தையும் விட்டுவிடாதீர்கள். 7ஆம் அத்தியாயத்தில் பிப் சிலேட்டில் எழுதிக் காட்டியபோது தம் பெயரின் எழுத்துகளை மட்டுமே அடையாளம் காணத் தெரிந்த மனிதர், இங்கே தம் கையாலேயே எழுதியிருக்கிறார்.

படி 5: வலப்பக்கத்தைச் சரிபாருங்கள்

பிப்பை நன்றி கெட்டவர் என்று முடிவுகட்டும் முன், 37ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். நண்பர் ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமல், தமக்கு வந்த 500 பவுண்டில் பாதியைக் கொடுத்து அவருக்குத் தொழிலில் இடம் பிடித்துத் தருகிறார். ஜோவுக்குத் தராததை ஹெர்பர்ட்டுக்கு ஏன் தர முடிந்தது என்ற கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, உங்கள் பதிலை அத்தியாய எண்களைச் சான்றாகக் காட்டி ஒரு பத்தியில் எழுதுங்கள்.