நீராவி ரயிலுக்கு வண்ணமா, கறுப்பு வெள்ளையா?

வண்ணத்தில் சரியாக வராத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கரையேற்றிவிடலாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நீராவி ரயிலைப் பொறுத்தவரை இவை இரண்டும் தனித்தனி வேலைகள். நிற்க வேண்டிய இடமும் வேறு, காத்திருக்க வேண்டிய வெளிச்சமும் வேறு. எதற்காக வந்தோம் என்பதை ரயில் வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எதுவானாலும் முதல் கவலை புகைதான். வெண்புகை என்று நாம் சொல்வது புகையே அல்ல. நீராவி குளிர்ந்து உண்டாகும் நுண்ணிய நீர்த்துளிகள். காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்தால்தான் அது திரண்டு நிற்கும். வெயில் ஏறிவிட்டால் புகைபோக்கிக்குச் சற்று மேலேயே கரைந்துவிடும். அதனால் பனிக்கால விடியற்காலைதான் நம் நேரம். நடுப்பகல் ரயிலில் ஏறி உறங்கலாம்.

இன்ஜின் பாடுபட்டால்தான் புகையும் வரும். இறக்கத்தில் நீராவியை அடைத்துவிட்டு உருண்டு வரும் ரயிலில் பார்க்க ஒன்றும் இருக்காது. ஏற்றத்தில் நில்லுங்கள், அல்லது நிலையத்திலிருந்து புறப்படும் இடத்தில். புறப்படும்போது சிலிண்டரில் தேங்கிய நீரை வெளியேற்ற வால்வுகளைத் திறப்பார்கள். சக்கரங்களை மறைத்துக்கொண்டு நீராவி சீறும். அந்தச் சில நொடிகளை விடாதீர்கள். ரயிலின் அமைப்பையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது. முன்பக்கம் பார்த்துக் காத்திருந்தால் பெட்டிதான் கிடைக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதும் முக்கியம். உங்களை நோக்கி வீசினால் ரயில் முழுவதும் புகைக்குள் போய்விடும்.

கரிய கொதிகலனைப் பார்த்ததும் கேமரா ஏமாந்து படத்தை வெளுக்கச் செய்யும். நீராவி வெற்றுக் காகிதமாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்), கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா கோப்பாக எடுங்கள். இருண்ட பகுதியைப் பிறகு மீட்கலாம். வெளுத்துப்போன நீராவியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஷட்டர் வேகம் 1/500 நொடி இருந்தால் எதிரே மெதுவாக ஏறி வரும் ரயிலுக்குப் போதும். பக்கவாட்டில் கடந்தால் 1/1000. ஆனால் சக்கரமும் தண்டுகளும் அப்படியே உறைந்துவிட்டால் ரயில் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. 1/30-இல் வைத்து, ரயிலோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிப் பாருங்கள். பல படங்கள் வீணாகும். தேறும் ஒன்று அத்தனைக்கும் ஈடு செய்யும். சக்கரங்களை இணைக்கும் தண்டு கீழே இறங்கியிருக்கும் கணம்தான் இன்ஜினுக்கு அழகு என்பது ரயில் படக்காரர்களின் பழைய பிடிவாதம். எனக்கும் அது உண்டு.

வண்ணப் படம் எடுப்பதானால் தாழ்ந்த சூரியன் வேண்டும். உச்சி வெயிலில் சக்கரங்கள் முழுவதும் நிழலில் கிடக்கும். சாய்ந்த ஒளிதான் அங்கே நுழையும். ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள், காலைப் பொன்னிறத்தைத் திருத்துகிறேன் என்று அழித்துவிடும். பகல் ஒளிக்கு நிலைநிறுத்துங்கள். அந்தி சாயும்போது ஃபயர்மேன் உலைக்கதவைத் திறந்தால், நீல இருட்டுக்கு எதிரே அந்தச் செம்மை முகத்தில் விழும். இதைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது எனக்குப் பாவமாகவே படும்.

கறுப்பு வெள்ளைக்கு மேகமூட்டம் நல்லது, எதிர்வெயில் அதைவிட நல்லது. பின்னாலிருந்து ஒளி பட்டால் நீராவியின் விளிம்புகள் தாமே எரியும். வானம் நீலமாக இருந்தால் ஃபிலிமில் அதுவும் நீராவியும் ஒரே வெளிறிய சாம்பல் நிறமாகிவிடும். ஆரஞ்சு அல்லது சிவப்பு ஃபில்டர் போட்டால் வானம் கறுக்கும், நீராவி எழுந்து நிற்கும். நான் ஆரஞ்சோடு நிறுத்திக்கொள்வேன். சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் ஒளியைத் தின்றுவிடும். பச்சை இன்ஜினைக் கரியாக்கி, சிவப்பு முகப்பை வெளுக்கவும் செய்யும். டிஜிட்டலில் நீலத்தை மட்டும் குறைத்து இதையே செய்யலாம்; அளவு மீறினால் வானத்தில் புள்ளிகள் தெறிக்கும்.

இருட்டையே பின்னணியாக்கியவர் ஓ. வின்ஸ்டன் லிங்க். 1950-களின் பின்பாதியில், அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையில், வரிசையாக ஃபிளாஷ் பல்புகளை அமைத்து இரவு ரயில்களைப் படமாக்கினார். ஒளி முழுவதும் அவர் கையில் இருந்தது. நீங்கள் முயல்வதானால் ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்; டிரைவரின் கண்ணில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. தண்டவாளத்தில் இறங்குவது பற்றிப் பேச்சே வேண்டாம்.

லென்ஸில் நிலக்கரித் துகள் விழுந்தால் துணியால் துடைக்காதீர்கள்; கண்ணாடியைக் கீறிவிடும். ரப்பர் ஊதுகுழலால் முதலில் ஊதிவிட்டு, பிறகே துணியைத் தொடுங்கள்.