ஜிம் ரீவ்ஸுக்கு முன்னால் பாடியவர் யார்? வீட்டு இசைத்தட்டுகளை வைத்துத் தேடும் முறை

அப்பா போன பிறகு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் வீட்டு லவுஞ்சில் இருந்த ரேடியோகிராமை, அதாவது ரேடியோவும் தட்டுப் போடும் கருவியும் சேர்ந்த பெட்டியை, யாரும் வேண்டும் என்று கேட்கவில்லை. தட்டுகளை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு பெட்டி நிறைய எல்பி என்ற பெரிய தட்டுகள், ஒரு பிஸ்கட் டின் நிறையச் செவன் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் ஏழு அங்குலத் தட்டுகள். ஜிம் ரீவ்ஸ், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், சார்லி பிரைட், டாம் ஜோன்ஸ், கென்னி ராஜர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கேற்றிச் சாமிப் பாட்டு முடிந்ததும், கறி கொதிக்கிற நேரத்துக்கு ஜிம் ரீவ்ஸ். எங்கள் வீட்டில் இது மாறியதே இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் அக்கா மகன் ஃபோனைப் பார்த்துவிட்டு, "சின்னம்மா, இந்த 'ஹி'ல் ஹேவ் டு கோ' ஜிம் ரீவ்ஸ் முதலில் பாடினது இல்லையாம்" என்றான். எனக்கு நெஞ்சில் ஏதோ தட்டியது. தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. பில்லி பிரவுன் என்பவர் 1959இல் அதைப் பாடித் தட்டும் போட்டுவிட்டார். அந்த வருஷக் கடைசியில்தான் ஜிம் ரீவ்ஸின் தட்டு வந்தது. அதிலும் இந்தப் பாட்டு பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கத்தில் வேறு பாட்டு. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், 1960இல் அமெரிக்காவில் கன்ட்ரி என்ற நாட்டுப்புறச் சாயல் பாட்டுகளுக்கான பட்டியலில் 14 வாரம் முதலிடம்.

அன்று தொடங்கிய தேடல் இன்னும் நிற்கவில்லை. நான் தையல் ஃபேக்டரியில் மெஷினில் உட்கார்ந்தவள், இசை படித்தவள் இல்லை. நான் செய்கிற முறையை யாரும் செய்யலாம்.

முதலில் தட்டை எடுத்து நடுவில் இருக்கும் காகித வட்டத்தைப் பாருங்கள். பாடகர் பெயர் பெரிதாக இருக்கும், அதை விடுங்கள். பாட்டின் தலைப்புக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அதுதான் பாட்டை எழுதியவர். காகிதம் மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், அச்சு தெரியும். தேடலை எப்போதும் அந்தச் சின்னப் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். பாடகர் பெயரை வைத்துத் தேடினால் புகழ்பெற்ற தட்டைத்தான் திரும்பத் திரும்பக் காட்டும்.

'ஐ லவ் யூ பிகாஸ்' என்ற ஜிம் ரீவ்ஸ் பாட்டை அப்பா அம்மாவுக்காகப் போடுவார். அதன் அடைப்புக்குறிக்குள் இருப்பது பெயின். லியோன் பெயின், டெக்சாஸ்காரர், கண் தெரியாதவர். மனைவிக்காக எழுதி 1949இல் தானே பாடினார். எல்விஸ் 1954இல் மெம்ஃபிஸில் அதைப் பாடிப் பதிந்திருக்கிறார். ஜிம் ரீவ்ஸின் குரலில் அது இங்கிலாந்து வரை போனது 1964இல். அந்த வருஷம் ஜூலை 31ஆம் தேதிதான் அவர் நாஷ்வில் பக்கத்தில் விமானம் விழுந்து இறந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் இங்கே தென்னாப்பிரிக்காவில் 'கிம்பர்லி ஜிம்' படத்தில் நடித்துவிட்டுப் போனவர். ஆஃப்ரிக்கான்ஸ் மொழியிலும் பாடினார். அந்தச் செய்தி வந்த அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை என்று அம்மா சொல்வாள்.

அடுத்தது, ஒரு கணக்குப் புத்தகம் வாங்கிக் கோடு போடுங்கள். எழுதியவர், முதலில் பதிந்தவர், முதலில் வெளியிட்டவர், பேரெடுத்தவர் என்று நாலு கட்டம். 'முதலில் பாடியவர்' என்று ஒரே கட்டம் போட்டுவிட்டு ஒரு வருஷம் நான் குழம்பினேன். 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' பாட்டை வைத்துத்தான் தெளிந்தேன். எழுதியவர்கள் மூன்று பேர்: ஜானி கிறிஸ்டஃபர், மார்க் ஜேம்ஸ், வேய்ன் கார்சன். 1970இல் பி. ஜே. தாமஸ் பாடிப் பதிந்தார், அப்போது அது வெளிவரவில்லை. 1972இல் க்வென் மெக்ரே பாடியது வெளிவந்தது, தலைப்பு சற்றே வேறு. அதே வருஷம் பிரெண்டா லீ, எல்விஸ். 1982இல் வில்லி நெல்சன் பாடிய பிறகுதான் எழுதிய மூவருக்கும் ஆண்டின் சிறந்த பாட்டுக்கான கிராமி விருது கிடைத்தது. 1987இல் பெட் ஷாப் பாய்ஸ் அதை ஆட்டப் பாட்டாக்கினார்கள். என் வயதுக்காரர்களுக்கு அது எல்விஸ் பாட்டு, தம்பிக்கு வில்லி பாட்டு, அக்கா மகனுக்கு இன்னொன்று. நாலு கட்டம் இருந்தால் இந்தச் சண்டை தீரும்.

எங்கே தேடுவது? செக்கண்ட்ஹேண்ட்சாங்ஸ் என்ற இணையதளம் இந்த வேலைக்கென்றே இருக்கிறது: முதல் பதிவு எது, பின்னால் யார் யார் பாடினார்கள் என்று காட்டும். தட்டின் படமே வேண்டும், எண் பார்க்க வேண்டும் என்றால் டிஸ்காக்ஸ். செவன் சிங்கிளுக்கு 45கேட். எழுதியவர் பெயரைச் சரிபார்க்க, பாட்டு எழுதியவர்களுக்கு உரிமைப் பணம் வாங்கிக் கொடுக்கும் அமெரிக்க அமைப்புகளான பிஎம்ஐ, ஆஸ்கேப் இரண்டும் பாட்டுப் பட்டியல் வைத்திருக்கின்றன. ஒரே இடத்தில் பார்த்து எழுதாதீர்கள். இரண்டு இடம் ஒத்துப்போனால் பேனா, இல்லாவிட்டால் பென்சில்.

ஏமாறும் இடங்கள் சில இருக்கின்றன. பாட்டுக் கேட்கும் ஆப்பில் இருக்கும் வருஷத்தை நம்பாதீர்கள், பல சமயம் அது மறுபடி வெளியிட்ட வருஷம். மலிவான சிடிகளில் அதே பாடகர் வயதான பிறகு திரும்பப் பாடியது இருக்கும். உறையின் பின்னால் பொடி எழுத்தில் 'ரீ-ரெக்கார்டட்' என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் எழுபதுகளில் வந்த 'ஸ்ப்ரிங்பாக் ஹிட் பரேட்' எல்பிகள் இன்னும் பல வீடுகளில் உண்டு. அவற்றில் இருப்பது ஸ்டூடியோக் கலைஞர்கள் பெயர் போடாமல் பாடிக்கொடுத்தது. பெரிய பாடகர் என்று நினைத்து நான் வருஷக்கணக்காகக் கேட்டது வேறொருவர் குரல் என்று தெரிந்தபோது, அந்தப் பெயரில்லாத குரலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைப்பும் மாறும். 'ஏக்கி பிரேக்கி ஹார்ட்' 1992இல் பில்லி ரே சைரஸ் பாடி உலகம் முழுவதும் ஓடியது. முந்தைய வருஷம் மார்சி பிரதர்ஸ் அதே பாட்டை 'டோன்ட் டெல் மை ஹார்ட்' என்று பாடினார்கள். தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் அது கிடைக்கவே கிடைக்காது. எழுதிய டான் வான் ட்ரெஸ் பெயரைப் போட்டால் கிடைக்கும்.

அடைப்புக்குறிப் பெயரும் சில சமயம் பொய் சொல்லும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பதுகளின் கன்ட்ரி பாட்டுகள் பலவற்றில் டபிள்யூ. எஸ். ஸ்டீவன்சன் என்று ஒரு பெயர் வரும். அப்படி ஒரு கவிஞர் இல்லை. ஃபோர் ஸ்டார் தட்டுக் கம்பெனி முதலாளி பில் மெக்கால் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. பாட்டில் பங்கு பணம் அந்தப் பெயருக்குப் போகும். எழுதினவனுக்குப் பாதி, பெயர் வாங்கினவனுக்குப் பாதி. படிக்கும்போது எனக்கு ஃபேக்டரி ஞாபகம் வந்தது.

மெட்டு வேறு, பாட்டு வேறு என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஆயாவிடம் பழைய காவடிப் பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று அச்சடித்திருக்கும். யாரும் அதை மறைக்கவில்லை, யாரும் திருட்டு என்றும் சொல்லவில்லை. கன்ட்ரியிலும் அதே வழக்கம் இருந்தது, ஆனால் தலையில் எழுதி வைக்கவில்லை. 1929இல் கார்ட்டர் குடும்பம் பாடிய 'ஐ'ம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்' மெட்டுதான் 1936இல் ராய் அகஃப் பாடிய 'கிரேட் ஸ்பெக்கில்ட் பேர்ட்'. 1952இல் ஹேங்க் தாம்ப்சன் 'வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' பாடியதும் அதே மெட்டு. பெண்ணைக் குறை சொல்லும் அந்தப் பாட்டுக்கு அதே வருஷம் கிட்டி வெல்ஸ் அதே மெட்டில் பதில் பாடினார். இவை மெட்டுப் பிள்ளைகள். தனிப் பக்கம் போட்டு எழுதுங்கள்.

கண்டுபிடித்தாயிற்று என்றால் கேட்க வேண்டும். முதல் தட்டை முதலில் கேளுங்கள், மூன்று தடவை, வேறு வேலை செய்யாமல். அப்புறம் உங்களுக்குப் பழகிய தட்டு. எந்தச் சரணம் விட்டுப்போனது, எது பேச்சாக இருந்தது, எது பாட்டாக மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' வைத்துப் பழகுவது நல்லது. டாலி பார்ட்டன் தன்னை மேடையேற்றிய போர்ட்டர் வேகனரை விட்டுப் பிரிகிறபோது எழுதியது. 1974இல் வந்தது, கன்ட்ரியில் முதலிடம். அதில் கடைசிச் சரணத்தை அவர் பாடவில்லை, பேசுகிறார். வாசலில் நின்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற குரல். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே சொற்களைப் பாடுகிறார், ஒரு பறை அடி விழுகிறது, சுருதி ஏறுகிறது. பதினாலு வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு. முன்பு எனக்கு விட்னிதான் எல்லாம். இப்போது டாலி பேசுகிற இடத்தில்தான் கண் கலங்குகிறது. எல்விஸ் அதைப் பாட ஆசைப்பட்டார், உரிமையில் பாதி கேட்டார்கள், டாலி கொடுக்கவில்லை. மெக்காலிடம் பாதியை இழந்தவர்களைப் பற்றிப் படித்த பிறகு அந்த 'முடியாது' எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

'கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எழுதியவர் கர்லி புட்மன். 1965இல் ஜானி டாரல் முதலில் பாடினார், அதே வருஷம் போர்ட்டர் வேகனர், ஜெரி லீ லூயிஸ். லூயிஸின் எல்பியில் கேட்டுத்தான் டாம் ஜோன்ஸ் பாடினார்; 1966இல் இங்கிலாந்தில் ஏழு வாரம் முதலிடம். 'கேட்டோ மேனர்' என்ற பகுதியில் இருந்த எங்களை, இனம் பார்த்து மக்களைப் பிரித்து வைத்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய காலம் அது. அங்கே எங்களுக்குத் தகர வீடு, பின்னால் மாமரம், கீழே ஆறு. அப்பா அந்தத் தட்டைப் போட்டால் முதல் இரண்டு சரணம் முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிடுவார். ஏன் என்று சின்ன வயதில் கேட்டதில்லை. முதல் தட்டைத் தேடிக் கேட்டபோதுதான் கடைசி வரை கேட்டேன். ஊருக்குத் திரும்பி வந்ததெல்லாம் கனவு. அவன் சிறையில் இருக்கிறான், விடிந்தால் தூக்கு. புல்லுக்கு அடியில் புதைக்கத்தான் ஊருக்குக் கொண்டுபோவார்கள். அப்பாவுக்கு ஊர் திரும்புவது வரை போதும்.

தொடங்குகிறவர்களுக்குச் சுலபமான சில: 'ரூபி' பாட்டை கென்னி ராஜர்ஸுக்கு முன் வேய்லன் ஜென்னிங்ஸ் பாடினார், எழுதியவர் மெல் டில்லிஸ். 'கேம்ப்ளர்' கென்னிக்கு முன் பாபி பேர். 'மீ அண்ட் பாபி மகீ' ஜானிஸ் ஜாப்ளினுக்கு முன் ராஜர் மில்லர், எழுதியது கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன், ஃப்ரெட் ஃபாஸ்டர். 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' ஜிம் ரீவ்ஸ் இறந்து இரண்டு வருஷம் கழித்து வந்தது, 1963இல் ராய் ஆர்பிசன் பாடிவிட்டார், எழுதியவர் சிண்டி வாக்கர் என்ற பெண். 'ரிலீஸ் மீ' எடி மில்லர் எழுதி 1949இல் பாடியது. 1967இல் அதை எங்கல்பர்ட் பாடி பீட்டில்ஸையே இரண்டாம் இடத்தில் நிறுத்தினார். அவர் 1936இல் மெட்ராஸில் பிறந்தவர். நம் முன்னோர் பலர் கப்பலேறிய ஊர்.

கடைசியாக, ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் நின்று பாருங்கள். எங்கல்பர்ட், ஜிம் ரீவ்ஸ் இருவரும் பாடிய 'ஆம் ஐ தட் ஈசி டு ஃபர்கெட்' பாட்டின் அடைப்புக்குறிக்குள் கார்ல் பெலூ, பக்கத்தில் அந்த ஸ்டீவன்சன். பெலூதான் அதை முதலில் பாடியவரும். அப்புறம் சார்லி பிரைடின் 'கிரிஸ்டல் சாண்டலியர்ஸ்' தேடினேன். அது 1967இல் வந்தது. அதற்கு முன் 1965இல் பாடியவர் யார் என்று பார்த்தால், திரும்பவும் பெலூ! அப்பாவின் பெட்டியில் அவர் முகம் ஒரு உறையிலும் இல்லை.

சார்லி பிரைட் மிசிசிப்பியில் பருத்தி எடுத்த கறுப்பர் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய முதல் தட்டுகளை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பும்போது கம்பெனி அவர் படத்தை அனுப்பவில்லை. அப்பா எல்பி வாங்கி வந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உறையை லவுஞ்ச் கண்ணாடி அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர் மகன் அப்பா.

பெலூவின் தட்டு இன்னும் கையில் கிடைக்கவில்லை. சாட்ஸ்வொர்த் யூனிட் 3 பங்களாதேஷ் மார்க்கெட்டில் பழைய சாமான் விற்கிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை ஃபோனில் கேட்கிறேன். கணக்குப் புத்தகத்தில் இப்போது ஐந்தாவது கட்டம் ஒன்று சேர்த்திருக்கிறேன். கண்டுபிடித்ததைத் தட்டின் உள் உறையிலும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். சார்லி பிரைட் உறையில் நான் எழுதியது இது:

எழுதியவர் டெட் ஹாரிஸ். முதலில் கார்ல் பெலூ, 1965. நம் வீட்டில் சார்லி பிரைட், அப்பா.