‘இன்ஃபீரியர்’ என்றால் மட்டம் என்று யார் சொன்னது?

மைனர், இன்ஃபீரியர், செகண்டரி, சபார்டினேட், ஆன்சிலரி, பெட்டி (petty) என்று ஆங்கிலத்தில் ஒரு கூட்டம் பெயரடைகள் உண்டு. மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் இவற்றில்தான் வரிசையாகத் தடுக்கி விழுகிறார்கள்; முன்னால் வந்தவர்களும் இதே இடங்களில்தான் விழுந்தோம். ஒருமை பன்மைப் பிழைகள் பழகப் பழகப் போய்விடும். கீழே உள்ளவை யாராவது சொல்லாமல் போகாது.

எல்லாவற்றுக்கும் ‘முக்கியமற்ற’ என்று எழுதுவது

மற்ற எல்லாப் பிழைகளையும் சேர்த்தாலும் இது ஒன்றுக்கு ஈடாகாது. அகராதியைத் திறந்தால் இந்தச் சொற்கள் பலவற்றுக்கும் ‘தாழ்ந்த’, ‘முக்கியமற்ற’ என்ற பொருளும் இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் இவற்றில் பாதிச் சொற்கள் மதிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. இடத்தையோ வரிசையையோதான் சொல்கின்றன.

மருத்துவ அறிக்கையில் ‘இன்ஃபீரியர் வால் எம்.ஐ.’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் மாரடைப்பு என்பதே இதன் பொருள். இதைச் ‘சிறிய அளவிலான மாரடைப்பு’ என்று எழுதினால், படிக்கும் குடும்பம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும். உடற்கூறியலில் இன்ஃபீரியர் என்றால் கீழ்ப்புறம், அவ்வளவுதான். ‘இன்ஃபீரியர் வேனா கேவா’ என்ற பெயரில் இருப்பதுதான் உடலிலேயே பெரிய சிரை. அதில் மட்டமாக எதுவும் இல்லை. வானியலிலும் இதே கதை: சூரியனைப் பூமியின் பாதைக்கு உட்புறமாகச் சுற்றும் புதனும் வெள்ளியும் இன்ஃபீரியர் கோள்கள். வெள்ளி கிட்டத்தட்டப் பூமியின் அளவே இருக்கிறது.

செகண்டரி இதைவிட ஆபத்தானது. ‘செகண்டரி கேன்சர்’ என்றால் இரண்டாந்தரப் புற்று இல்லை, கவலை குறைந்த புற்றும் இல்லை. தொடங்கிய உறுப்பை விட்டு வேறு உறுப்புக்குப் பரவிவிட்ட புற்று. சொல்லின் தொனி ஒரு பக்கம் இழுக்கிறது, உண்மை நேர் எதிர்ப் பக்கம் நிற்கிறது. ‘பரவிய புற்று’ என்று எழுதுங்கள். ‘செகண்டரி இன்ஃபெக்‌ஷன்’ முதல் நோயின் பின்னாலேயே வந்து சேரும் தொற்று. முதல் நோயைவிட அது கடுமையாகவும் இருக்கலாம். ‘செகண்டரி ஹைப்பர்டென்ஷன்’ என்பது சிறுநீரகக் கோளாறு போன்ற வேறொரு காரணத்தால் ஏறிய ரத்த அழுத்தம். அங்கே தேட வேண்டியது அந்தக் காரணத்தை. ‘லேசான ரத்த அழுத்தம்’ என்று எழுதிவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

அரசியல் செய்தியில் வரும் ‘மார்ஜினல் சீட்’டும் அப்படித்தான். ஓரத்தில் கிடக்கும் தொகுதி என்று நினைத்துவிடுகிறார்கள். மயிரிழையில் வெற்றி தோல்வி முடிவாகும் தொகுதி அது. கட்சிகள் அதிகம் மல்லுக்கட்டும் இடமே அதுதான். இலக்கணத்தில் ‘சபார்டினேட் கிளாஸ்’ (clause), அதாவது சார்பு வாக்கியம், அமைப்பில்தான் சார்ந்து நிற்கிறது. ‘பாலம் இடிந்துவிட்டது என்று அவள் சொன்னாள்’ என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினால், செய்தி முழுவதும் அந்தச் சார்பு வாக்கியத்துக்குள் இருக்கும்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. சொல்லைப் பார்த்ததும் ஐந்து தமிழ்ச் சொற்களை இந்த வரிசையில் பொருத்திப் பாருங்கள்: கீழே, பிறகு, துணையாக, சிறிய, மட்டமான. முதல் நான்கில் ஒன்றும் உட்காராத போதுதான் ஐந்தாவதைத் தொட வேண்டும். அப்படியும் சந்தேகம் என்றால் அந்தச் சொல்லின் எதிர்ச்சொல்லைக் கேளுங்கள். எதிரில் நிற்பது சுப்பீரியர் என்றால் மேல் கீழ்க் கணக்காக இருக்கலாம், பிரைமரி என்றால் முன் பின் கணக்கு, மேஜர் என்றால் பெரிது சிறிது கணக்கு.

‘விட’ வந்தவுடன் ‘தேன்’ (than) போடுவது

இன்ஃபீரியர், ஜூனியர் இரண்டும் லத்தீனில் ஏற்கெனவே ஒப்பீட்டு வடிவங்கள். ஆங்கிலத்தில் இவற்றின் பின்னால் ‘டு’ வரும், ‘தேன்’ வராது. ‘அதைவிடத் தரம் குறைந்தது’ என்று மனசுக்குள் தமிழில் நினைப்பதால்தான் ‘இன்ஃபீரியர் தேன்’ என்று கை எழுதிவிடுகிறது. ஆனால் தமிழே சரியான வழியையும் காட்டுகிறது. ‘எனக்கு ஜூனியர்’ என்கிறோம். ‘எனக்குக் கீழ்’, ‘அதற்கு அடுத்தது’, ‘அதற்கு உட்பட்டது’, ‘அதற்குத் துணை’ என்கிறோம். எல்லாவற்றிலும் ‘கு’ உருபு. அந்தக் ‘கு’ வரும் இடத்தில் ‘டு’ போடுங்கள்: ஜூனியர் டு, செகண்டரி டு, சபார்டினேட் டு, ஆன்சிலரி டு. இன்ஃபீரியரையும் இதே வரிசையில் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுங்கள். மைனர் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்குப் பின்னால் ‘டு’ போட்டு ஒப்பிடுவதில்லை.

மோர் இன்ஃபீரியர்

வேண்டாம். ஒப்பீடு உள்ளேயே இருக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் ‘ஃபார் இன்ஃபீரியர் டு’.

லெஸ்ஸர் தேன்

‘லெஸ்’ என்பதே ஒப்பீடு. லெஸ்ஸரில் அதன்மேல் இன்னொரு ஒப்பீட்டு விகுதி ஏறியிருக்கிறது. அளவு குறைவு என்று சொல்ல ‘லெஸ் தேன்’ போதும். லெஸ்ஸர் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நிற்கும், அல்லது ‘த லெஸ்ஸர் ஆஃப் த டூ’ என்று இரண்டில் சிறியதைக் காட்டும்.

பெட்டி: எங்கே ஏளனம், எங்கே இல்லை

பிரெஞ்சில் ‘சிறிய’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ‘பெட்டி கேஷ்’ சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் ரொக்கம். ‘பெட்டி ஆபீசர்’ கடற்படையில் ஒரு பதவி. அவரை ‘அற்ப அதிகாரி’ என்று எழுதுவது அவமதிப்பு. இப்படி நிலைத்துப்போன தொடர்களில் ஏளனம் கிடையாது. ஒருவரின் குணத்தையோ சண்டையையோ பெட்டி என்று சொன்னால் மட்டும் ஏளனம் முழுதாக வந்து உட்காரும்: அற்பப் புத்தி, அற்பச் சண்டை.

புள்ளியியலில் ‘இன்சிக்னிஃபிகன்ட்’

விளைவு சிறியது என்றோ இல்லவே இல்லை என்றோ பொருள் இல்லை. கையில் உள்ள தரவைக் கொண்டு அதைத் தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றுதான் பொருள்.

நெக்லிஜிபிள், நெக்லிஜென்ட்

முதலாவது புறக்கணிக்கத்தக்க அளவு. இரண்டாவது கவனக்குறைவான ஆள்.

மியர்

‘வெறும்’ என்று பொருள். பெயருக்கு முன்னால் மட்டும் வரும். ‘த மிஸ்டேக் இஸ் மியர்’ என்று ஆங்கிலத்தில் வாக்கியமே கிடையாது.

மீனியல்

‘மட்டமான வேலை’ என்ற தொனியில் வரும் சொல். வேலையைப் பற்றிச் சொல்வதற்கே யோசிக்க வேண்டியது. அந்த வேலையைச் செய்யும் மனிதர்மேல் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

எழுத்துக்கூட்டு

இரண்டுமே ‘துணை’ என்று பொருள்படும் சொற்கள். ஆக்ஸிலியரியில் ‘எல்’ ஒன்று. ஆன்சிலரியில் இரண்டு.