ஐஎஸ் 456 என்றால் எந்த ஐஎஸ் 456?

சிறுசேரி பக்கம் ஒரு கட்டடம். பிரதான பிளாக்கின் வரைபடங்கள் எல்லாம் டிசைன் ஆபீஸிலிருந்து முறையாக வந்தவை. ஜெனரேட்டர் அறை மட்டும் சின்ன வேலைதானே என்று சைட்டிலேயே ஒரு இளம் இன்ஜினியர் வரைந்துவிட்டார். தூண் 230க்கு 450 மி.மீ. ஒன்பது அங்குலச் சுவரோடு மட்டமாக நிற்கும், பூச்சுக்கு வெளியே துருத்தாது. கம்பி கட்டி முடித்துப் பலகை அடிக்கும் நேரத்தில் நான் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன்.

"300க்குக் குறையக் கூடாதே தம்பி" என்றேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து வந்தார். ஐஎஸ் 13920, நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கான்கிரீட்டில் கம்பி கட்டுவதற்கான இந்தியத் தர நூல். ஐஎஸ் என்றால் இந்தியன் ஸ்டாண்டர்ட்; இந்த நூல்களை நாங்கள் 'கோடு' (code) என்போம். "200 போதும்னு போட்டிருக்கே சார்."

போட்டுத்தான் இருந்தது. அது 1993 பதிப்பு. பீமின் நீளம் 5 மீட்டரையும் தூணின் தாங்கலில்லாத உயரம் 4 மீட்டரையும் தாண்டாவிட்டால் 200 மி.மீ. போதும் என்றது அது. 2016ல் வந்த பதிப்பில் குறைந்தது 300 மி.மீ., அல்லது பீமில் ஓடும் பெரிய கம்பியின் விட்டத்தில் 20 மடங்கு, எது அதிகமோ அது. எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது 2016. கம்பியைப் பிரித்து மறுபடி கட்டினோம். இரண்டு நாள் போனது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தான் வரைந்தார். முந்தைய சைட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து போட்ட அந்த ஜெராக்ஸ் என் பட்டியலில் இல்லை. டாக்குமெண்ட் கண்ட்ரோலர் நான்தான். டிராஃப்ட்ஸ்மேனாகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இந்த நாற்காலிக்கு வந்தவன். வரைபடத்தின் ரிவிஷனை எண்ணி எண்ணிப் பார்த்தேனே தவிர, வரைபடம் எதைப் பார்த்து வரையப்பட்டது என்பதைக் கவனிக்கவில்லை. அதற்கப்புறம் நான் செய்துவருவதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் பதிப்பைப் பூட்டுங்கள்

கடைசியாக வந்த பதிப்பை வைத்திருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. உங்கள் திட்டத்துக்கு எந்தப் பதிப்பு என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். ஃபிடிக் என்கிற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தமான 1999 மஞ்சள் புத்தகத்தில் இது தெளிவாக இருக்கிறது: டெண்டர் கொடுக்கும் கடைசித் தேதிக்கு 28 நாள் முன்பு எந்தப் பதிப்பு நடப்பில் இருந்ததோ அதுதான் கணக்கு. அந்த நாளுக்கு அடிப்படைத் தேதி என்று பெயர். உள்ளூர் ஒப்பந்தங்கள் பலவற்றில் "சம்பந்தப்பட்ட ஐஎஸ் கோடுகளின்படி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியை வைத்து யாரும் கட்டடம் கட்ட முடியாது.

எனவே வேலை தொடங்கிய முதல் மாதத்துக்குள், திட்டத்துக்கான கோடுகளின் பட்டியலை டிசைன் தலைவரோடு உட்கார்ந்து தயாரித்து, வாடிக்கையாளரின் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். அதற்கும் ஒரு ஆவண எண், ஒரு ரிவிஷன் எண். பின்னால் சண்டை வந்தால் மேஜைக்கு வருவது இந்தத் தாள்தான்.

பட்டியலில் என்னென்ன

எக்செல் போதும். சாஃப்ட்வேர் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். எண், பகுதி, பிரிவு, ஆண்டு, தலைப்பு, திருத்தங்கள், மறு உறுதி செய்த ஆண்டு, ஒப்பந்தப் பதிப்பா தகவலுக்கு மட்டுமா, யாரிடம் பிரதி இருக்கிறது, கடைசியாகச் சரிபார்த்த தேதி. இவ்வளவுதான்.

பகுதி, பிரிவு என்று தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனைக்கு நாம் எல்லாரும் "ஐஎஸ் 516" என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1959ல் வந்த அந்த ஒரே புத்தகம் இப்போது பகுதி பகுதியாகப் பிரிந்துவிட்டது. அமுக்க வலிமைச் சோதனை பகுதி 1, பிரிவு 1ல், 2021ஆம் ஆண்டுப் பதிப்பாக இருக்கிறது. வெறும் 516 என்று எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று லேபுக்குத் தெரியாது.

மறு உறுதி என்பதைப் புதுப் பதிப்பு என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு கோடையும் எடுத்துப் பார்த்து, மாற்ற வேண்டாம் என்று தோன்றினால் அப்படியே உறுதி செய்வார்கள். கான்கிரீட் கட்டுமானத்துக்கான கோடு ஐஎஸ் 456. அதன் அட்டையில் அப்படி ஒரு ஆண்டு போட்டிருந்தாலும் அது 2000ஆம் ஆண்டுப் பதிப்புதான்.

திருத்தங்கள் பத்தியில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். புதுப் பதிப்பு வந்தால் ஊரெல்லாம் பேசும், கருத்தரங்கு நடக்கும். திருத்தம் சத்தமில்லாமல் ஒன்றிரண்டு தாளாக வரும். ஐஎஸ் 456ன் அட்டவணை 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் தேறியதா இல்லையா என்று முடிவு செய்யும் அட்டவணை. 2000ல் அச்சான புத்தகத்தில், எம்20 (சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் வலிமை) கான்கிரீட்டுக்கும் அதற்கு மேலும், ஒரு தனிச் சோதனை முடிவு குறிப்பிட்ட வலிமையைவிட சதுர மி.மீ.க்கு 4 நியூட்டன் வரை குறையலாம். பிறகு வந்த திருத்தம் அதை 3 ஆக்கியது. எம்25 கான்கிரீட்டில் முடிவு 21.5 வந்தால், பழைய புத்தகப்படி தேறும். திருத்தத்தோடு பார்த்தால் தேறாது. ஒரே கோடு, ஒரே ஆண்டு, அட்டையும் ஒன்றுதான். இதனால் நான் திருத்தத் தாள்களைக் கோப்பின் கடைசியில் கோக்க விடுவதில்லை. பிடிஎஃப்பில் அட்டைக்கு அடுத்த பக்கமாகச் சேர்த்துவிடுவேன். அச்சுப் பிரதி என்றால், மாறிய அட்டவணையின் மேலேயே பென்சிலால் ஒரு கீறல், பக்கத்தில் திருத்த எண்.

இன்னொன்று, வேறு கோடோடு கலந்து போனவை. 43 கிரேடு சிமென்டுக்கு 8112, 53 கிரேடுக்கு 12269 என்று மனப்பாடமாக வைத்திருந்தோம். ஐஎஸ் 269ன் 2015 பதிப்பு இரண்டையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. நான் பார்த்த ஒரு சைட்டில், ஸ்பெசிஃபிகேஷனில் 12269 இருக்க, மூட்டையிலும் சான்றிதழிலும் 269 இருந்ததால், ஸ்டோர்காரர் லாரியை உள்ளே விடவில்லை. அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். பட்டியலில் "269ல் சேர்ந்துவிட்டது" என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால் லாரி வெயிலில் நின்றிருக்காது. ஜல்லி, மணலுக்கான ஐஎஸ் 383லும் பதிப்பைப் பார்க்க வேண்டும். எம்-சாண்டைப் பற்றிக் கேள்வி வந்தால் 1970 பதிப்பைப் புரட்டிப் பயனில்லை. 2016 பதிப்பில் தேடுங்கள்.

வெளிநாட்டுக் கோடுகளில் எண்ணையே படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் கோடு எண்ணின் கடைசியில் வரும் இரண்டு இலக்கம் ஆண்டு. அதே ஆண்டில் மறுபடி திருத்தினால் கூடவே ஒரு சின்ன 'ஏ' வரும். அடைப்புக்குறிக்குள் ஆண்டு இருந்தால் மறு ஒப்புதல். எப்சிலான் குறி இருந்தால் எழுத்துப் பிழை மாதிரியான சில்லறைத் திருத்தம்.

பிரதிகளை வேட்டையாடுவது

சர்வரில் ஒரே ஒரு ஃபோல்டர். படிக்கலாம், மாற்ற முடியாது. சேர்ப்பவர், நீக்குபவர் ஒருவரே. காலாவதியானதை அழிக்காதீர்கள், "பழையது" என்று தனி ஃபோல்டருக்கு மாற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே வாட்டர்மார்க் போடுங்கள். நெட் கிடைக்காத சைட்டுக்கு அச்சுப் பிரதி கொடுத்தால் வரிசை எண், தேதி, கையெழுத்து. புதியதைக் கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். நியாயவிலைக் கடை மாதிரி நடந்துகொள்கிறேன் என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

ஜெராக்ஸுக்கு இப்போது சாக்கும் இல்லை. பிஐஎஸ் என்கிற இந்திய தர நிர்ணய அமைவனம் தன் இணையதளத்தில் இந்தியக் கோடுகளைப் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகிறது. தரமணியில் போய்க் காசு கட்டி வாங்கிய நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, தேநீர் வருவதற்குள், என் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அந்தத் தளத்தில் தட்டிப் பார்த்துவிடுவேன். நாற்பது எண் இருந்தால் ஒரு மணி நேரம்.

ஆனால் கோடு புத்தகமாக மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. எனக்கு இது புரிய நாளானது. பொதுக் குறிப்புகள் என்று வரைபடத்தின் வலப்பக்கம் ஒரு பத்தி இருக்குமே, அதை யாரும் புதிதாக எழுதுவதில்லை. போன திட்டத்திலிருந்து அப்படியே ஒட்டுவதுதான் வழக்கம். அதில் "ஐஎஸ் 456:1978" என்று நிற்பதை நானே பிடித்திருக்கிறேன். சோதனைப் படிவங்களும் அப்படித்தான் வலம் வருகின்றன. ஐஎஸ் 456க்குத் துணை நூலான எஸ்பி 16ன் டிசைன் சார்ட்டுகளை இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். அவை 1978 பதிப்பை வைத்து 1980ல் போடப்பட்டவை என்று பட்டியலில் ஒரு வரி இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, எக்செல் கணக்குத் தாள். நிலநடுக்கச் சுமைக்கான ஐஎஸ் 1893 பகுதி 1ன் 2016 பதிப்பில், 200 பேருக்கு மேல் புழங்கும் குடியிருப்பு, வணிகக் கட்டடங்களுக்கு, சுமையைப் பெருக்கும் முக்கியத்துவக் குணகம் 1.2. யாரோ பல வருடம் முன்பு செய்த தாளில், பூட்டிய ஒரு கட்டத்துக்குள் 1.0 என்று தட்டப்பட்டிருக்கும். காற்றுக்கு ஐஎஸ் 875 பகுதி 3. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்பது 1987லும் அதுதான், 2015லும் அதுதான். எனவே தாளைத் திறந்ததும் சரியாகத்தான் தெரியும். ஆனால் 2015 பதிப்பு, கிழக்குக் கரையோரம் 60 கிலோமீட்டர் பட்டைக்குள் புயலுக்காக, காற்று வேகத்தைப் பெருக்கும் நான்காவது குணகம் ஒன்றைக் கொண்டுவந்தது, தொழிற்சாலைக்கு 1.15. ஒரகடத்தில் ஒரு ஷெட் போடுகிறீர்கள், தாளில் மூன்று குணகம்தான் பெருக்கப்படுகிறது என்றால், மற்றவற்றைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் போவதால், காற்றழுத்தம் ஏறத்தாழ 32 சதவீதம் வித்தியாசப்படும். இதனால் இப்போது கணக்குத் தாள்களுக்கும் ஆவண எண் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் எந்தக் கோடு, எந்த ஆண்டு, எந்தத் திருத்தம் வரை, சரிபார்த்தவர் யார் என்று இருந்தே ஆக வேண்டும். ஈடாப்ஸ், ஸ்டாட் மாதிரி கட்டட டிசைன் மென்பொருளில் எந்தக் கோடு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துக் கணக்கோடு சேர்க்கச் சொல்கிறேன்.

மண் பரிசோதனை அறிக்கை, சர்வே, கருவி விற்பவரின் கேட்லாக் எல்லாம் இதே பட்டியலின் இரண்டாவது தாளில். விதிகளும் அதில்தான்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 என்று மட்டும் எழுதினால் போதாது, எந்தத் திருத்தம் வரை பார்த்தீர்கள் என்று எழுத வேண்டும்.

நடுவில் புதுப் பதிப்பு வந்தால்

சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளவும் கூடாது, கண்டும் காணாமல் இருக்கவும் கூடாது. நான் ஒரு பக்கக் குறிப்பு ஒன்று அனுப்புவேன்: இந்தக் கோடு மாறியிருக்கிறது, டிசைன் தலைவர் பார்த்துச் சொன்ன மாற்றங்கள் இவை, பாதிக்கப்படும் வரைபடங்கள் இவை, இவற்றில் ஏற்கெனவே கட்டி முடித்தவை இவை. அதை வைத்து வாடிக்கையாளருக்குக் கடிதம். பதில் வரும்வரை பூட்டிய பதிப்பே நடப்பு. பதில் எதுவானாலும், மாற வேண்டாம் என்றாலும்கூட, கடித எண்ணைப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிலநடுக்கச் சுமையைப் பழைய 1893லிருந்தும் கம்பி விவரத்தைப் புதிய 13920லிருந்தும், எது குறைவாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று நம்பி எழுதப்பட்டவை. ஜோடியாகத்தான் பூட்ட வேண்டும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஐஎஸ்ஓ 9001 தர மேலாண்மை ஆடிட்டர் வந்தால் அதன் 7.5.3 பிரிவைப் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து வந்த ஆவணங்களை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்று கேட்பார். பட்டியலைக் காட்டினால் அரை மணியில் எழுந்துவிடுவார். அதைவிட முக்கியம், யாராவது ஒரு ஃபோர்மேனின் மேஜை இழுப்பறையை நீங்களே போய்த் திறந்து பார்ப்பது. நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். ஏதாவது கிடைக்காமல் திரும்பியதில்லை.

திட்டம் முடிந்ததும் பட்டியலின் கடைசி ரிவிஷனையும் அதிலுள்ள பதிப்புகளையும் வரைபடங்களோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒருநாள் வந்து, மேலே இன்னொரு தளம் எழுப்பலாமா என்று கேட்டார். புதுக் கணக்கை அப்போது நடப்பிலிருந்த 2016 பதிப்பின்படிதான் போட வேண்டியிருந்தது. ஆனால் கீழே நிற்கும் தூண்களை என்ன நினைத்துப் போட்டார்கள் என்று தெரிந்தால்தான் கணக்கையே தொடங்க முடியும். கணக்கைப் போட்ட இன்ஜினியர் வேலையை விட்டுப்போய் வெகு நாள் ஆகியிருந்தது. பெட்டியைத் திறந்தோம். பட்டியலில் ஏழாவது வரி: ஐஎஸ் 1893 பகுதி 1, 2002, திருத்தம் 1 உட்பட.