வாடகைப் பாத்திரக் கடை நோட்டிலிருந்து ஒரு தரவுத்தளம்: தொடக்க மாணவர்களுக்கான செய்முறை

மென்பொருள் படிப்பில் தரவுத்தளப் பாடத்தைப் பலர் தரவை எடுத்துக் காட்டும் 'செலக்ட்' கட்டளையில் தொடங்குகிறார்கள். நார்மலைசேஷன் (ஒரே செய்தி பல இடங்களில் வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பது) வரும்போது இலக்கணத்தை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிடுகிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிரானது. கணினியைத் திறக்குமுன் அட்டவணைகளைத் தாளில் பிரிக்கத் தெரிய வேண்டும். பாடநூலின் மாணவர்–ஆசிரியர் உதாரணம் பயிற்சிக்குப் போதாது. அதில் சிக்கலே இல்லை. கல்யாணத்துக்கு அண்டாவும் சேரும் (நாற்காலி) வாடகைக்கு விடும் கடையின் நோட்டு எத்தனையோ மடங்கு நல்ல ஆசிரியர்.

படி 1: நோட்டின் ஒரு பக்கத்தைத் தாளில் எழுதுங்கள்

பில் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி, பொருள்கள், நாள் வாடகை, முன்பணம். கடைக்காரர் எழுதுவதைப் போலவே 'அண்டா 2, சேர் 100, ஜமுக்காளம் 6' என்று ஒரே கட்டத்தில் எழுதுங்கள். இப்போதே திருத்த வேண்டாம்.

படி 2: ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு

இன்று எத்தனை சேர் வெளியே போயிருக்கிறது என்று அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள். ஒரே கட்டத்தில் மூன்று பொருள் கலந்து கிடப்பதால் கூட்ட முடியாது. ஆகவே ஒரு பில்லின் மூன்று பொருள்களை மூன்று வரிசைகளாகப் பிரியுங்கள். முதல் நார்மல் ஃபார்ம் என்பது இவ்வளவுதான்.

படி 3: எது எதைத் தீர்மானிக்கிறது?

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு புலத்திலிருந்தும் (அட்டவணையின் நெடுவரிசை) அதைத் தீர்மானிக்கும் புலத்துக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். 'சேர் 100' என்ற எண்ணிக்கையைச் சொல்ல பில் எண்ணும் பொருளும் இரண்டும் வேண்டும். தேதிக்கும் முன்பணத்துக்கும் பில் எண் மட்டும் போதும். எனவே அவை வேறு அட்டவணைக்குப் போகின்றன. இது இரண்டாவது நார்மல் ஃபார்ம். தொலைபேசி எண் பில்லைச் சார்ந்ததல்ல, வாடிக்கையாளரைச் சார்ந்தது. அதையும் பிரித்தால் மூன்றாவது. ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் உறவுநிலை மாதிரியை வெளியிட்டபோது முன்வைத்த அடிப்படை எண்ணங்களில் ஒன்று இது: ஒரே செய்தியைப் பல இடங்களில் எழுதி வைத்தால், ஒரு நாள் அவை ஒன்றுக்கொன்று முரண்படும்.

இப்போது தாளில் நான்கு அட்டவணைகள் இருக்கும்: வாடிக்கையாளர், பொருள், பில், பில் வரி (பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை). தொலைபேசி எண்ணை வாடிக்கையாளரின் பிரைமரி கீ (ஒரு வரிசையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் புலம்) ஆக்க ஆசை வரும். வேண்டாம். எண் மாறும், அப்பாவும் மகனும் ஒரே எண்ணைத் தருவார்கள். தனியாக ஓர் அடையாள எண் கொடுங்கள்.

நாள் வாடகை எங்கே இருக்க வேண்டும்? பொருள் அட்டவணையில் என்பார்கள், பாதி சரி. சேர் வாடகை 8 ரூபாயாக இருந்து தை மாதத்தில் 10 ஆகிறது என்று வையுங்கள். வாடகை பொருள் அட்டவணையில் மட்டும் இருந்தால், மார்கழியில் போட்ட பில்லை இன்று கூட்டினாலும் 10 ரூபாய்க் கணக்கு வரும். வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், நியாயம் அவர் பக்கம். 'இன்றைய வாடகை' பொருளைச் சார்ந்தது. 'அன்று பேசிய வாடகை' பில் வரியைச் சார்ந்தது. பார்க்க ஒரே எண் போலிருந்தாலும் இரண்டும் வெவ்வேறு செய்திகள். இரண்டையும் வையுங்கள், நார்மலைசேஷன் கெட்டுப்போகாது.

படி 4: கணினியில் ஏற்றுங்கள்

தொடக்கத்துக்கு எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருள் போதும். சர்வர் வேண்டாம், முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. 'கிரியேட் டேபிள்' கட்டளையால் முதலில் வாடிக்கையாளர், பொருள், அடுத்து பில், கடைசியில் பில் வரி. பில் வரிக்கு பில் எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்த பிரைமரி கீ. தொலைபேசியை டெக்ஸ்ட் (எழுத்து) ஆக வையுங்கள்; இன்டிஜர் (முழு எண்) ஆக்கினால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் டெக்ஸ்டாக எழுதினால் அகர வரிசையே காலவரிசையாகிவிடும். புலங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

படி 5: வேண்டுமென்றே தவறான தரவைப் போடுங்கள்

இல்லாத பில் 999-க்கு ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். ஃபாரின் கீ (வேறு அட்டவணையின் கீயைச் சுட்டும் புலம்) எழுதியிருந்தும் அது உள்ளே போய்விட்டால் திகைக்க வேண்டாம். எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் 'பிராக்மா' கட்டளையால் அதை இயக்க வேண்டும். எண்ணிக்கைப் புலத்தில் 'பத்து' என்று எழுத்தில் போட்டாலும் விழுங்கிவிடும். அட்டவணையை உருவாக்கும்போதே 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்தால் மறுக்கும்; இந்த வசதி 2021-இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து உண்டு. எண்ணிக்கை பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு 'செக்' நிபந்தனையும் எழுதுங்கள்.

படி 6: கடைக்காரரின் கேள்வியைக் கேளுங்கள்

'இன்னும் எது எது திரும்பி வரவில்லை?' பில் வரியில் திரும்பிய தேதி என்று ஒரு புலம் வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் 100 சேர் போனால் 60 ஞாயிறன்று வரும், 37 திங்களன்று வரும், மூன்று பந்தல்காரர் வண்டியில் எங்கோ போயிருக்கும். ஆகவே 'திரும்பியவை' என்று ஐந்தாவது அட்டவணை: பில் எண், பொருள் எண், தேதி, எண்ணிக்கை.

பில் வரியையும் திரும்பியவையையும் நேரடியாக ஜாயின் செய்து (வரிசைகளைப் பொருத்தி இணைத்து) கூட்டினால், இரண்டு தவணையாக வந்த சேருக்கு இரண்டு வரிசை கிடைக்கும்; வெளியே போனது 200 என்று விடை வரும். கட்டளை பிழை காட்டாது, விடை மட்டும் பொய். முதலில் திரும்பியவற்றை பில், பொருள் வாரியாக 'குரூப் பை' கொண்டு கூட்டி ஒரு துணைக் கேள்வி (கேள்விக்குள் ஒரு கேள்வி) ஆக்குங்கள். பிறகு அதை பில் வரியோடு 'லெஃப்ட் ஜாயின்' செய்யுங்கள்; பொருத்தம் இல்லாவிட்டாலும் பில் வரியின் எல்லா வரிசைகளும் நிற்கும். சாதாரண ஜாயின் போட்டால், ஒன்றுகூடத் திரும்பாத அண்டா பட்டியலிலேயே இருக்காது. கடைக்காரர் முதலில் தேடுவது அதைத்தான். லெஃப்ட் ஜாயினில் அந்த அண்டாவின் திரும்பிய எண்ணிக்கை 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக வரும். நல்லைக் கழித்தால் விடையும் நல் ஆகிவிடும் என்பதால், 'கோலெஸ்' செயற்கூற்றால் அதைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கழியுங்கள். சேருக்கு 3, அண்டாவுக்கு 2 என்று வந்தால் கேள்வி சரி.