பெருந்தொற்றுக்குப் பிந்தைய காசநோய்ப் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா காலத்தில் பணிக்கு வந்த பலர் இப்போது காசநோய்த் திட்டங்களில் இருக்கிறார்கள். துடிப்பானவர்கள், வேலைக்கு அஞ்சாதவர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதும், களத்துக்குக் கூடப் போகும்போதும் ஒரே மாதிரியான தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவற்றில் பாதி, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்தவைதான். மீதி, கொரோனா பழக்கிவிட்டவை. இரண்டு வாரக் கணக்கில் முடிகிற நோய்க்கு உருவான பழக்கம், மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருந்து பரவுகிற நோய்க்குச் சரிப்படாது. முகக்கவசம், கை கழுவுதல், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதிருத்தல் எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணிக்கை ஏறியதும் நிம்மதி அடைவது

2019-ல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளிகள் 71 லட்சம். 2020-ல் அது 58 லட்சமாக விழுந்தது. 2022-ல் 75 லட்சம், 2023-ல் 82 லட்சம். இந்த வரைபடத்தைத் திரையில் காட்டி "மீண்டுவிட்டோம்" என்கிறார்கள்.

2020-ல் நோய் குறையவில்லை, தேடுவதுதான் குறைந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிக்கொண்டிருந்த காசநோய் இறப்புகள் அந்த ஆண்டில் கூடின. இறக்காதவர்கள் அடைத்த வீட்டுக்குள் குடும்பத்தோடு இருந்தபடி இருமிக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏறிய எண்ணிக்கையில் ஒரு பகுதி அந்த நிலுவை. 2023-ல்கூட 1 கோடியே 8 லட்சம் பேர் நோயுற்றதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பதிவேட்டுக்கு வந்தவர்கள் 82 லட்சம் பேர்தான்.

மாத அறிக்கையில் எத்தனை பேர் என்பதோடு இன்னொரு கட்டமும் வையுங்கள்: அறிகுறி தொடங்கி எத்தனை வாரம் கழித்து நோய் தெரிந்தது? அந்த இடைவெளி சுருங்கினால்தான் திட்டம் மீண்டதாக நான் ஒப்புக்கொள்வேன்.

"இருமல் இல்லை" என்று எழுதிப் பக்கத்தை மூடுவது

இன்றுவரை என்னை எரிச்சலூட்டும் தவறு இது. இதனால் ஆகும் இழப்பும் பெரிது.

ஒருவருக்குக் காசநோய் உறுதியானால் அவரோடு வசிப்பவர்களையும் பார்க்க வேண்டும். இதற்கென்று ஒரு பதிவேடு உண்டு. அண்மையில் ஒரு மையத்தில் அதைத் திறந்தேன். ஒரு நோயாளியின் பெயருக்குக் கீழே நான்கு பேர். முதல் ஆளுக்கு நேரே "இருமல் இல்லை" என்று எழுதியிருந்தது. மற்ற மூவருக்கும் மேற்படிக் குறி. ஒரே பேனா, ஒரே தேதி.

"வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க மேடம், மாத்திரை வாங்க வந்தப்போ அவர்கிட்டயே கேட்டுட்டேன்."

ஒரு கேள்வி, ஒரு பதில். நான்கு பேரின் கணக்கு முடிந்துவிட்டது.

மறுநாள் இருவருமாக வீட்டுக்குப் போனோம். அங்கே இருந்தது ஆறு பேர். நோயாளியின் மாமியார் இரண்டு பிள்ளைகள் வீட்டிலும் மாறி மாறி இருப்பவர் என்பதால் பட்டியலில் வரவில்லை. இரண்டு வயதுக் குழந்தையை "சின்னதுதானே" என்று விட்டிருந்தார்கள். குழந்தைக்கு இருமல் இல்லை, உண்மைதான். எடை அட்டையை வாங்கிப் பார்த்தேன். மேலே ஏறிக்கொண்டே போக வேண்டிய கோடு சில மாதங்களாகப் படுத்துக் கிடந்தது. மாமியாருக்கும் இருமல் இல்லை. "சாயங்காலமானா உடம்பு லேசா காயும், வேற ஒண்ணுமில்ல" என்றார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது, சளியில் கிருமி இருந்தது. இரண்டு பேருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டியதாயிற்று.

இருமலை மட்டும் கேட்பது போதாது. மக்களிடையே காசநோய் எவ்வளவு இருக்கிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், கிருமி உறுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அறிகுறி எதையும் சொல்லவில்லை. அதனால்தான் அறிகுறி இருக்கிறதோ இல்லையோ எக்ஸ்ரே எடுங்கள் என்று வற்புறுத்துகிறோம். குழந்தைகளிடம் இருமலைவிட எடையும் விளையாட்டும்தான் பேசும். எடை ஏறவில்லை, முன்போல ஓடியாடவில்லை என்று அம்மா சொன்னால் அதை அறிகுறியாகவே எழுதுங்கள்.

அப்புறம் நாள் கணக்கு. எவ்வளவு காலத்துத் தொடர்பைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் கேட்டால், யோசிக்காமல் "14 நாள்" என்கிறார்கள். அது கொரோனாவின் கணக்கு. காசநோய்க்கு, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் ஓர் இரவு அதே வீட்டில் தங்கியவரும், பகலில் அடிக்கடி வந்து நெடுநேரம் இருந்தவரும் பட்டியலில் வர வேண்டும். முன்னோக்கியும் பார்க்க வேண்டும். கிருமி தொற்றியவருக்கு நோய் வரும் ஆபத்து முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம். இன்று பரிசோதனையில் ஒன்றுமில்லை என்பது இன்றைக்கான பதில் மட்டுமே. ஆறு மாதம் கழித்து மறுபடி அந்தக் கதவைத் தட்ட யார் போவது என்று அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இன்னொரு இழப்பு கண்ணுக்கே தெரியாது. நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு சிகிச்சை கொடுக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இது முன்பே பரிந்துரைக்கப்பட்டது. 2018-லிருந்து உலக சுகாதார நிறுவனம் வீட்டில் உள்ள எல்லா வயதினருக்கும் இதை விரித்தது. ஐசோனியசிடும் ரிஃபாபென்டினும் சேர்ந்த மருந்து என்றால் வாரம் ஒரு முறை, மொத்தம் 12 வேளை. அவ்வளவுதான். நோய் வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிற மருந்து இது. "இருமல் இல்லை" என்று எழுதிப் பக்கத்தை மூடினால், வீட்டில் உள்ள ஒருவருக்கும் இது போய்ச் சேராது.

என் கோபத்துக்குக் காரணம் இன்னொன்று உண்டு. இதே பணியாளர்கள்தான் கொரோனாவின்போது ஒருவருக்கு பாசிட்டிவ் என்றால் மாலைக்குள் அவர் சந்தித்த அத்தனை பேரையும் போனில் பிடித்தார்கள். திறமை இருக்கிறது. அன்றைக்கு மேலிருந்து தினமும் கேட்டார்கள், இன்றைக்கு இந்தப் பதிவேட்டைக் கேட்க ஆளில்லை. கூட்டங்களில் எத்தனை சளி மாதிரி எடுத்தீர்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மேற்பார்வையாளராக இருந்தால் நீங்கள் கேட்க வேண்டியது: ஒரு நோயாளிக்கு எத்தனை பேரை நேரில் பார்த்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் தடுப்பு மருந்தை முடித்தார்கள்?

வாசலில் அறிவிப்பு ஒட்டுவது

கூடவே கூடாது. ஒட்டிய வீட்டில் அடுத்த முறை கதவு திறக்காது.

நோயாளியை வீட்டிலிருந்து பிரிப்பது

கொரோனாவுக்குப் பிறகு குடும்பங்களே இதைக் கேட்கின்றன. புதிய பணியாளர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியம் எனும் தனிக் காசநோய் மருத்துவமனையில் சிகிச்சை, இன்னொரு பிரிவினருக்கு நெருக்கடியான வீடுகளிலேயே சிகிச்சை. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. உலகம் சானடோரியங்களைக் கைவிட அது பெரிய காரணமாக இருந்தது. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் பரவல் வேகமாகத் தணியும். வீட்டார் பயப்பட வேண்டியது நோய் தெரிவதற்கு முன் கழிந்த மாதங்களைப் பற்றித்தான். அதற்குத்தான் மேலே சொன்ன பரிசோதனை.

கருவி திரும்பிய பிறகும் நுண்ணோக்கியோடு நிற்பது

சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிகள் பல இடங்களில் கொரோனா பரிசோதனைக்குப் போயின. அந்த நாட்களில் நுண்ணோக்கியை வைத்துச் சமாளித்தோம், வேறு வழியில்லை. கருவி திரும்பி வந்த பிறகும் சில மையங்களில் முதல் பரிசோதனை நுண்ணோக்கியாகவே தொடர்கிறது. அதில் கிருமி தெரிய ஒரு மில்லி சளியில் சுமார் 10,000 இருக்க வேண்டும். ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கு 130 போல இருந்தாலே போதும். காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியுமா என்பதையும் அதே நாளில் அது சொல்லிவிடும்.

எச்சிலை அனுப்புவது

பரிசோதனைக்கு வேண்டியது சளி. டப்பாவை மூடுமுன் பாருங்கள். தண்ணீராக இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

பெருந்தொற்றில் வந்த நல்லதையும் கைவிடுவது

ஊரடங்கில் வேறு வழியில்லாமல் ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தோம், போனிலும் வீடியோவிலும் விசாரித்தோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். இப்போது சில இடங்களில் மறுபடி தினமும் மையத்துக்கு வரச் சொல்கிறார்கள். அரைநாள் கூலி போகிறதென்றால் மாத்திரையை விடத்தான் செய்வார்கள்.

மொத்தமாகக் கொடுங்கள், ஆனால் நான்கு மருந்தும் சேர்ந்து போகிற முதல் இரண்டு மாதம் அழைப்பை விடாதீர்கள். "மாத்திரை போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடக் கூடாது. வாந்தி இருக்கிறதா, பசி எப்படி, கண் மஞ்சளாகத் தெரிகிறதா, பார்வை மங்குகிறதா, நிறம் மாறித் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கண் மஞ்சள் என்றோ பார்வை மங்கல் என்றோ சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். அடுத்த மாத்திரை வாங்க வரும்போது பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள்.